படத்தில் இப்படி இல்லை

"கடைசியில அந்தக் கிழவன் ஊட்டை உட்டுப் போனானா, இல்லீங்களா?"

"எங்க போறது? முருங்கைக்காய்ச் சாம்பாருன்னதும் பெட்டிய வெச்சுட்டு உக்காந்துட்டான்."

"இப்படி மொட்டையாச் சொன்னா என்னங்க அர்த்தம்? அவன் பேசுனாப்பலயே சொல்லுங்க."

இருபத்து நான்கு வருஷத்துக்கு முந்தைய பேச்சு அது. ராசிபுரத்தில் படம் பார்த்துவிட்டு வெண்ணந்தூருக்குத் திரும்பும் வழி. முழுப் படத்தையும் பார்த்தது கந்தவேல் மட்டும்தான். இடைவேளைக்குப் பிறகு கைக்குழந்தை இலக்கியா வீறிட்டு அழுததில், உஷாராணி மீதிப் படம் முடியும்வரை வெளியே முறுக்குக்காரியின் பக்கத்திலேயே நின்றிருந்தாள். மனைவி கேட்டுவிட்டாளே என்று கந்தவேல் டி.வி.எஸ். ஐம்பதைப் புளியமரத்தடியில் நிறுத்தி இறங்கினார். இல்லாத டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பொக்கை வாய்போல் உதட்டை மடித்துக்கொண்டார்.

"சாம்பார்ல முருங்கைக்காய் கெடக்குதா தாயி? அப்ப நாளைக்குப் போறேன்."

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. "இனிமேப் படத்துக்கு நீங்க உள்ள போங்க, நான் புள்ளையோட வெளிய நிக்கறேன். நீங்க சொல்றதுதான் நல்லா இருக்குது" என்றாள்.

அந்தப் படம்தான் இப்போது டி.வி.யில் சிரிப்பு நாடகமாக வருகிறது. தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு. தறிப்பட்டறையிலும் டீக்கடையிலும் அதைப் பற்றித்தான் பேச்சு. மருமகளாக வருகிறவளுக்குப் பவுடர் ஜாஸ்தி என்பார் ஒருவர். படத்தில் மூன்று மணி நேரத்தில் முடிந்ததை மூன்று வருஷம் இழுப்பார்கள் என்பார் இன்னொருவர். எல்லாரும் சொல்லி முடித்ததும் கந்தவேலின் தீர்ப்பு வரும்.

"படத்துல இப்படி இல்ல. இதுல வசனமே இல்லியே, சப்புன்னு கெடக்குது."

அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று உஷாராணிக்கு மட்டும் தெரியும்.

முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்துக்குள் நின்றவர். எட்டுத் தறி ஓடும் பட்டறையில் யாருக்கும் எதுவும் கேட்காது. நூல் அறுந்தது, டீ வந்தது, சம்பந்தி வீட்டுச் சண்டை எல்லாமே உதட்டசைவில்தான். அதனால் காது போனது அவருக்கே முதலில் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது போன வருஷம், கரண்டு போன ஒரு மத்தியானம். எட்டுத் தறியும் நின்று பட்டறையே ஊமையாகிக் கிடந்தது. அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏனுங்க, டீ ஆறுது" என்றாள். மூன்று தடவை சொன்னாள். அவர் திரும்பவே இல்லை. மெதுவாக முன்னால் போய்த் தம்ளரை நீட்டினாள்.

அன்று ராத்திரி டாக்டரைப் பார்க்கலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "எனக்கென்ன? நல்லாத்தான் கேக்குது. நீதான் வாய்க்குள்ளயே முனகுற" என்று பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவராக ஒரு நாள், 'என்ன சொன்னாங்க, சொல்லு' என்று கேட்டால் போதும், ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம். கேட்காத மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் குத்திக் காட்டியதாகிவிடாதா?

பெங்களூரிலிருந்து இலக்கியா போன் செய்தாலும் அதே கதைதான். "நல்லா இருக்கியா சாமி? இரு, அம்மாகிட்டப் பேசு" என்று போனைக் கொடுத்துவிடுவார். போன வாரம் அந்தப் பெண் அழுதேவிட்டாள். "அப்பாவுக்கு என் மேல என்னம்மா கோவம்? ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்ல." உஷாராணி பேச்சை மாற்றிவிட்டாள். அவர் சொல்லாததை மகளிடம் இவள் எப்படிச் சொல்வாள்?

இன்று அந்தப் பெட்டிக் காட்சி வருகிறது என்று நேற்றே விளம்பரம் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஜோதி அரிசி முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, இன்னைக்காச்சும் நல்லா இருக்குதுன்னு சொல்லுவீங்களா?"

"வரட்டும் பாப்போம். முருங்கைக்காய் வந்தாத்தான் நான் ஒத்துக்குவேன்" என்று கந்தவேல் நாற்காலியை டி.வி.க்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கிழவன் டிரங்குப் பெட்டியோடு வாசலுக்கு வந்தான். மருமகள் இலையைப் போட்டாள். அவன் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தான். எல்லாம் படத்தில் இருந்தபடியேதான். ஆனால் கேமரா கிழவனின் முதுகுப் பக்கம் நகர்ந்தது. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"நான் எங்கம்மா போகப்போறேன்? ஒவ்வொரு தடவையும் பெட்டியத் தூக்குனது, யாராவது ஒருத்தர் 'இருங்க'ன்னு சொல்ல மாட்டீங்களான்னுதான்."

ஜோதி முறத்தைக் கீழே வைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் கந்தவேல் தொடையில் தட்டி, வீடு அதிரச் சிரித்தார்.

"அப்ப நாளைக்குப் போறேங்கறான் பாரு! முருங்கைக்காய்!"

ஜோதி வெடுக்கென்று திரும்பினாள். "ஏனுங்ணா, மனுசன் நெஞ்சு வெடிச்சுப் பேசறான், நீங்க கெக்கெக்கேன்னு சிரிக்கறீங்க? ஈவு இரக்கம் இல்லியா?"

அவளுடைய உதட்டையும் ஈரக் கண்ணையும் பார்த்த கந்தவேலின் சிரிப்பு பாதியில் நின்றது. "படத்துல இப்படி இல்ல" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"உங்க படத்தைக் கொண்டுபோய்ப் பரண்ல போடுங்க!"

"அவருக்கு அந்தப் பழைய வசனம் ஞாபகம் வந்துருச்சு ஜோதி. நாடகத்தைக் கவனிக்கல, அவ்வளவுதான்" என்று உஷாராணி அவசரமாகக் குறுக்கே விழுந்தாள். சொல்லும்போதே அவர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். தனக்காக அவள் சொல்லும் பொய்யை அவர் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஜோதி முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாடகம் முடிந்து ஏதோ சோப்பு விளம்பரம் ஓடியது. கந்தவேல் வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் காலையில் ஒட்டிய பஞ்சு இன்னும் இருந்தது.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

உஷாராணி அவருக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள், வெளிச்சம் முகத்தில் விழும்படி. "கரண்டு போன அன்னைக்கு இருந்துங்க."

"ஒரு வருசம்" என்றார். கண்ணில் நிறைந்ததைத் துடைக்கவில்லை. "எனக்கு அதுக்கு முந்தியே தெரியும், உஷா. சொல்லிட்டா நெசமாயிருமேன்னு இருந்துட்டேன்."

அவர் நாற்காலியை டி.வி.யிலிருந்து திருப்பினார். அவள் முகத்துக்கு நேராக, முழங்கால் முட்டும் அளவுக்குக் கிட்டத்தில் போட்டுக்கொண்டார். பட்டறையில் பேசுகிறவரைப்போல அவர் உதடுகள் முதலில் சத்தமில்லாமல்தான் அசைந்தன. பிறகு குரல் வந்தது.

"புள்ள போன்ல என்ன சொல்லுது, அந்தக் கிழவன் என்ன சொன்னான், எல்லாம் எனக்கு நீ சொல்லோணும். மொட்டையாச் சொல்லாத. அவங்க பேசுனாப்பலயே சொல்லு, சாமி."