வீட்டைத் தூக்குகிறவன்

மற்ற வீடுகள் மேலே வளரும். சுண்டுவின் வீடு கீழிருந்து வளர்ந்தது.

ஒவ்வொரு புயலின்போதும் கடல் அந்தத் தெருவுக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அது போனதும் சுண்டுவின் அப்பா கல்லும் மண்ணும் கொட்டி, மேலே சிமெண்ட் பூசி, தரையை உயர்த்திவிடுவார். மூன்று புயலுக்கு மூன்று தரை. கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் சுவிட்சுகள் இடுப்புக்கு இறங்கின. ஜன்னல் முழங்காலுக்கு வந்தது. பூனைக்கு வசதி, குதிக்க வேண்டாம், வெளியிலிருந்து நடந்தே வந்துவிடும். சமையல் மேடை தாழ்ந்து தாழ்ந்து கடைசியில் அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து சமைக்கும்படி ஆயிற்று. மாமா ஒருநாள் சோம்பல் முறித்ததில் நடந்த விபத்துக்குப் பிறகு மின்விசிறியையும் கழற்றிவிட்டார்கள்.

புயல் இல்லாத மாதங்களிலும் பௌர்ணமி வந்தால் சாக்கடை வழியாகக் கடல் தலைகாட்டியது. சுண்டு சின்னப் பெண்ணாக இருந்தபோது கடலுக்கு இந்தப் பழக்கம் கிடையாது.

தெருவில் எல்லோருமே தரையை உயர்த்தியவர்கள்தான். அதனால் சுண்டு வேலை பார்த்த கிளினிக்குக்குக் காய்ச்சலைவிட நெற்றிக் காயம்தான் அதிகம் வந்தது. பஞ்சும் மருந்தும் வைத்துக் கட்டுப் போடுவது அவள் வேலை. அவளுக்கு மட்டும் நெற்றியில் ஒரு கீறல் கிடையாது. ஆள் அவ்வளவு குள்ளம். 'சுண்டு' என்ற பெயரும் அதனால்தான்.

அப்பா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். ஊருக்கு மாஸ்டர். கழுத்தில் விசில், முதுகு சுவர்போல நேர். "கடலுக்குப் பயந்து ஒரு அங்குலம் பின்வாங்க மாட்டேன்" என்பது அவர் கொள்கை. "குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன்" என்பது அவர் வேதம். அந்தப் பழமொழிக்கு இன்னொரு பாதி உண்டு. அதை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வாசல் நிலைக்கும் அவர் உச்சந்தலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அவர் நிமிர்ந்தே நுழைவார். தலைமையாசிரியர் உட்பட வருகிறவர்கள் எல்லோரும் இடித்துவிடுமோ என்ற பயத்தில் குனிந்து வருவார்கள். அதைப் பார்க்க அவருக்கு ஓர் ஆனந்தம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கொக்கு பெண் கேட்டு வந்தான்.

அவன் நெடுநெடுவென்று இருப்பான். கிளினிக்குக்கு மூன்று முறை வந்தவன். முதல் இரண்டு முறை உண்மையாகவே நெற்றி கிழிந்து வந்தான். மூன்றாவது முறை காயமே இல்லை, கட்டு மட்டும் போதும் என்றான். சுண்டு போட்டுவிட்டாள்.

வாசலில் 'டங்' என்று சத்தம் கேட்டது. கொக்கு உள்ளே வந்து நெற்றியைத் தேய்த்தபடி உட்கார்ந்தான்.

"என்ன வேலை?" என்றார் மாஸ்டர்.

"வீடு தூக்குற வேலை சார்."

"திருட்டா?"

"ஜாக்கி வச்சு சார். டயர் மாத்த லாரியைத் தூக்கற மாதிரிதான். அஸ்திவாரத்துக்கு மேல வரிசையா ஜாக்கி வச்சு, எல்லாரும் ஒண்ணாத் திருகினா சுவரும் கூரையும் அப்படியே மேல போகும். கீழ புதுசாச் சுவர் கட்டிடலாம். சொல்லப்போனா இந்த வீட்டையும்..."

"என் வீட்டுக்கு என்ன குறை?"

கொக்கு கூரையைப் பார்த்தான். பார்ப்பதற்கு அவன் அதிகம் அண்ணாந்துகூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மாஸ்டர் அம்மா பக்கம் திரும்பினார். "இன்னிக்கு வீட்டைத் தூக்குறேம்பான். நாளைக்குப் பொண்ணைத் தூக்குவான்."

"தூக்குறவன் கேட்டுக்கிட்டா தூக்குவான்? இவர் வாசல்ல வந்து கேக்குறாரு" என்றாள் அம்மா.

மாஸ்டர் எழுந்து நின்றார். "ஒரே பேச்சு. இந்த வாசல்ல குனியாம, இடிக்காம, நிமிர்ந்து நுழையறவன் எவனோ அவனுக்குத்தான் என் பொண்ணு."

"அப்ப ஸ்கூல் பசங்கதான் சார் தேறுவாங்க" என்று சொல்லிவிட்டு, கொக்கு விடைபெற்றான். போகும்போதும் ஒரு 'டங்'.

அன்றிலிருந்து அந்த நிலைதான் சுண்டுவின் எதிரி. மனிதனாக இருந்தால் சண்டை போடலாம், மரச்சட்டத்தை என்ன செய்வது? அப்பாவிடம் அழுது பார்த்தாள். சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். இரண்டாம் வேளைக்கே பசி தாங்கவில்லை, அதையும் விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் நான்காவது புயல் வந்தது. ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகச் சுற்றியது. மாஸ்டர் விசில் ஊதித் தெருவையே வரிசையில் நிறுத்தி, பள்ளிக்கூட மாடிக்கு நடத்திப் போனார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது. பக்கத்து வீட்டு சைக்கிள் கடைக்காரரின் படுத்த படுக்கையான அப்பாவைத் தன் தோளில் சுமந்து போனதும் அவர்தான். காற்று ஓய்ந்து திரும்பி வந்தபோது, உயர்த்திய தரையையும் தாண்டிக் கணுக்கால் அளவுக்குச் சேறு. அதில் ஒரு நண்டு, வாடகை கொடுத்துக் குடியிருப்பதுபோல நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

சேற்றை வாரிக் கொட்டி முடித்ததும் மாஸ்டர் தரையைப் பார்த்தார். "ரெண்டு விரல் கனத்துக்கு சிமெண்ட் போட்டுடலாம்."

ஒவ்வொரு முறையும் "வேண்டாம்பா" என்று சண்டை போடுகிறவள் சுண்டுதான். இந்தமுறை அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"ரெண்டு விரல் எப்படிப்பா பத்தும்? செங்கல் பரப்பிடுங்க."

மாஸ்டர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அதையும் படுக்க வைக்காதீங்க. நிமிர்த்தி வைங்க. நீங்கதான சொல்வீங்க, எதுவா இருந்தாலும் நிமிர்ந்து நிக்கணும்னு."

அம்மா முக்காலியிலிருந்து தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். பிறகு வாசல் நிலையைப் பார்த்தாள். பிறகு கணவரின் தலையைப் பார்த்தாள். உடனே வெங்காயம் உரிப்பதில் ஆழ்ந்துவிட்டாள்.

"பாத்தியா, என் ரத்தம்" என்றார் மாஸ்டர் மனைவியிடம். கூரையை அளந்தார், இடம் இருந்தது. மகள் தன் கட்சிக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியில் தன் நிலையும் தெரியவில்லை, வாசல் நிலையும் தெரியவில்லை.

செங்கல் நிமிர்ந்து நின்றது. தரை காய்ந்தது. முதல் நாள் காலை மாஸ்டர் விசிலை மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வாசலைக் கடந்தார்.

அந்த 'டங்' தெருமுனை வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

சுண்டு கட்டுப் போட்டாள். நெற்றி புடைத்திருந்ததைப் பார்த்ததும், உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட வாயைத் திறந்தாள்.

"சின்னக் காயம். ஒரு மாசத்துல பழகிடும்" என்றார் அப்பா.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பழகியது நெற்றிக்கல்ல, முதுகுக்குத்தான். அவர் குனிந்து போனார், குனிந்து வந்தார். வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கும் குனிந்தார். ஒருநாள் மறந்து நிமிர்ந்ததில் இரண்டாவது கட்டு. ஒரு வாரத்தில் மைதானத்தில்கூட அவர் கழுத்து தானாக முன்னால் வளைந்தது. "நிமிர்ந்து நில்!" என்று அவர் கூனிக்கொண்டே கத்தியபோது வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குச் சிரிப்பை அடக்குவதே தனி உடற்பயிற்சியாக இருந்தது.

"குட்டக் குட்டக் குனிகிறவன் மடையன்னு கேட்டிருக்கேன். கதவு குட்டினா என்ன கணக்கு?" என்றாள் அம்மா.

"சும்மா இரு."

"உங்க நிபந்தனையை எங்க அப்பா அன்னிக்கே போட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். இப்ப நீங்களே இந்த வீட்டு மாப்பிள்ளையாத் தேற மாட்டீங்க."

இதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் செய்தது பக்கத்து வீட்டு சைக்கிள் கடைக்காரர்தான். வேண்டுமென்று சொன்னவர் இல்லை. மாஸ்டர் வீட்டு வாசல் கடலைப் பார்த்தது. மாஸ்டர் தினமும் காலையில் இடுப்பை வளைத்து வெளியே வருவதைப் பல் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்த மனிதர், ஒருநாள் நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"என்ன மாஸ்டர், தினமும் கடலுக்குக் கும்பிடு போட்டுட்டுத்தான் கிளம்புறீங்க போல. நல்லதுதான். பெரிய இடம், பகைச்சுக்கக் கூடாது."

மாஸ்டர் பள்ளிக்கூடம் போகவில்லை. குனிந்து உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து கடலை ஜன்னல் வழியாகப் பார்க்க முயன்றார். அதற்கும் குனிய வேண்டியிருந்தது.

"சுண்டு."

"என்னப்பா?"

"அந்தக் கொக்கைக் கூப்பிடு. வீட்டை மட்டும் தூக்கினாப் போதும்னு தெளிவாச் சொல்லிடு."

கொக்கு ஆட்களோடு வந்தான். சுவரைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, இரும்புச் சட்டங்களைச் செருகி, அடியில் ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு விசிலுக்கு எல்லோரும் சேர்ந்து கால் திருகு, அதாவது கால்வாசிச் சுற்று. ஒருத்தன் முந்தினாலும் சுவர் விரிசல் விடும். கொக்கு ஊதினான்.

"இது விசிலா, குக்கரா?" என்று மாஸ்டர் அவனைத் தள்ளி நிறுத்தினார். "கைகள் தயார்!"

அவர் ஊதியபோது ஒருத்தனும் முந்தவில்லை, ஒருத்தனும் பிந்தவில்லை. நாளுக்குக் கொஞ்சமாக வீடு மண்ணைவிட்டு எழுந்தது. தரை இருந்த இடத்திலேயே இருக்க, சுவரும் அதில் பதித்த சமையல் மேடையும் நிலையும் கூரையும் மேலே போயின. பூனை ஒருநாள் வழக்கம்போல ஜன்னலுக்கு நடந்து வந்து, சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு, எல்லோரையும் முறைத்துவிட்டுப் போனது. அம்மா முக்காலியைப் பரண்மேல் எறிந்தாள். வீட்டில் பரண் இருந்ததே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

கடைசி நாள். மாஸ்டர் முதலில் தானே வாசலைக் கடந்து பார்த்தார். பழக்கத்தில் குனிந்தார். பிறகு மெல்ல, ஒவ்வொரு எலும்பாக, நிமிர்ந்தார். உள்ளே நின்று திரும்பினார்.

"கொக்கு, இங்க வா. குனியாத. நிமிர்ந்து வா."

கொக்கு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்தான். நிலை அவன் முடியைக்கூடத் தொடவில்லை. சுண்டு அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மாஸ்டர் நிலையை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். "எத்தனை வருஷம் தாங்கும்?"

"வீடு தாங்கும் சார். கடல் எவ்வளவு ஏறும்னுதான் சொல்ல முடியல, அது பாட்டுக்கு ஏறிட்டே இருக்கு. ஏறுச்சுன்னா மறுபடி தூக்கணும். ஆள் பக்கத்துலயே இருந்தா நல்லது."

"எவ்வளவு பக்கத்துல?"

"வீட்டோடவே இருந்துட்டா வசதி சார்."

"வீட்டோட மாப்பிள்ளை" என்று அம்மா, யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதே என்று, எடுத்துக் கொடுத்தாள்.

மாஸ்டர் மகளைப் பார்த்தார். "செங்கல்லை நிமிர்த்தி வைக்கச் சொன்னது யாரு?"

சுண்டு பூனையைத் தேடுவதுபோல அங்குமிங்கும் பார்த்தாள்.

வருகிற சிரிப்பை மறைக்க மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார். சிரிப்பு விசிலுக்குள் புகுந்து நீளமாக ஒலித்துவிட்டது. வெளியே ஜாக்கிகளுக்குப் பக்கத்தில் பீடி பற்ற வைக்கப் போன ஆட்கள் சட்டென்று குனிந்து, ஆளுக்கொரு கால் திருகு திருகினார்கள்.

வீடு இன்னும் ஒரு நூல் மேலே போயிற்று.