கையில் கொடுத்த கத்தி

இரவு ஷிப்ட் முடிந்து, பாயான் லெப்பாஸிலிருந்து வந்த தொழிற்சாலை பஸ்ஸை விட்டு இறங்கிய காலோடு, என் கணவர் சிவநேசன் என்னைச் சுங்கை பினாங்கில் இருக்கும் முகம்மது கனி அண்ணன் கடைக்கு இழுத்து வந்துவிட்டார். கத்தி வாங்க வேண்டுமாம். மத்தியானம் தெலுக் பஹாங் கடற்கரைப் பக்கம் கூடாரம் போடப் போகிறோம். எனக்கோ நின்றபடியே தூங்கிவிடலாம் போல இருந்தது.

அவருக்குத் துறைமுகத்தில் பகல் வேலை, எனக்கு இரவு வேலை. மூன்று வருஷமாக வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். சாவி மேசையில், சோறு மேசையில், சொல்ல வேண்டியது வாட்ஸாப்பில். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல இரண்டு நாள் லீவு கிடைக்க மூன்று மாதம் ஆனது. போன தடவை அடுப்பு சரியில்லை என்று தள்ளிப்போட்டார். அதற்கு முந்தின தடவை கூடாரம். இன்றும் தள்ளிப்போட்டால் இனி வாயைத் திறந்து கேட்கவே போவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

கனி அண்ணன் மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். இவர் இருநூற்று எண்பது வெள்ளி விலை போட்டிருந்த கத்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இது நமக்குக் கட்டாது. ஆன்லைன்ல பாத்து வாங்கிட்டு அடுத்த லீவுக்குப் போலாம்லா,” என்றார்.

வந்ததே எனக்குக் கோபம்.

“விறகு பிளக்க என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“கைக்கோடாலி.”

“டின்னு திறக்க?”

“வாங்கி வச்ச மடக்கு பிளையர்லயே ஓப்பனர் இருக்கு.”

“அப்புறம் கத்திக்கு என்ன வேலை? வெங்காயம் நறுக்கணும், கயிறு அறுக்கணும். யானையா உரிக்கப் போறோம்?”

கனி அண்ணன் சிரித்துக்கொண்டே முப்பத்தைந்து வெள்ளிக் கத்தியை முன்னால் தள்ளினார். “தங்கச்சி சொல்றது சரிதான் தம்பி. இதுல இரும்பு பிடிக்குள்ள கடைசி வரைக்கும் போவுது, ஆடாது. உப்புத்தண்ணி பட்டா மட்டும் தொடச்சு வைங்க.”

உறையோடு எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். கைக்கு அடக்கமாக இருந்தது. இவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

“மேசையில வை ரமணி. கத்தியக் கையில குடுத்தா சண்டை வரும்.”

எனக்கும் தெரியும். எங்கள் அம்மா வீட்டில் உப்பைக்கூடக் கையில் கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் கீழே வைக்காமல் நீட்டியபடியே நின்றேன். மூன்று வருஷமாக மேசையில் வைப்பதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

“வரட்டும்ங்க,” என்றேன். “சண்டை போடவாவது ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கணும்ல.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு இருப்பது போலவே அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. மெதுவாகக் கையை விரித்தார். கத்தியை அதில் வைத்தேன்.

“இதையே போட்டுடுங்க அண்ணே,” என்றார் கனி அண்ணனிடம். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ கூடாரத்துல படுத்துத் தூங்கு. நான் சோறாக்கி வைக்கிறேன்,” என்றார்.

“எப்பவும் போல வச்சிட்டுப் போயிடாதீங்க,” என்றேன்.