திட்டி அழ இடமில்லை

அப்பாவின் விரல் இடுக்கில் காய்ந்திருந்த ரத்தத்தை மகள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வேலை பார்த்த கிடங்கின் மேனேஜர் உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியிலும் துடைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள், கடனே என்று. மேனேஜருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன். வந்தவன் நேரே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். துக்கம் விசாரிக்க வந்த மற்றவர்களெல்லாம் நாற்காலியில் இருக்க, இவனுக்கு மட்டும் என்ன இத்தனை பணிவு?

மகளுக்குப் புரிந்துவிட்டது, கிடங்கின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள். அவள் பார்ப்பதும் இதே தொழில்தான், வேறொரு இன்சூரன்ஸ் கம்பெனியில். விபத்தில் அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்டு அனுப்பும் நோட்டீஸுக்குப் பதில் தயாரிக்கும் பிரிவு. அடிபட்டவனின் அஜாக்கிரதைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று காட்ட ஆதாரம் தேடுவார்கள். வீட்டார் அழுதுகொண்டிருக்கும்போதே ஆளை அனுப்புவது வழக்கம். அப்போதுதான் யோசிக்காமல் பேசுவார்கள்.

அம்மா யோசிக்காமல்தான் பேசிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்பாவைத் திட்டியே குடித்தனம் நடத்தியவள். அவளுக்கு வேறு எப்படி அழத் தெரியும்?

"பாத்துப் போங்க, பாத்துப் போங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. ஒரு நாளாவது கேட்டீங்களா? காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டுத்தானே திரிஞ்சீங்க."

"எப்பவுமே அவசரந்தானாம்மா அவருக்கு?" என்றான் வெள்ளைச் சட்டைக்காரன், தேன் ஒழுக.

"அத ஏன் தம்பி கேக்குறீங்க. சாப்பிடக்கூட உக்கார மாட்டாரு."

மகளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிடங்கின் பின்படியில் கைப்பிடி கழன்று மாதக்கணக்காகிறது. நேற்று தோளில் பெட்டியோடு இறங்கிய அப்பா, கால் தடுக்கியபோது பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் விழுந்தார். அதை இவன் முகத்துக்கு நேரே அம்மாவைச் சொல்லவைக்க வேண்டும் என்று அவளுக்கு வெறி வந்தது.

"அம்மா, கைப்பிடி இல்ல, சரி பண்ணிக் குடுங்கன்னு அப்பா மேனேஜர்கிட்ட சொன்னாரா இல்லையா?"

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சுன்னாருடி. அப்புறம் எதுக்கு அந்தப் படியில இறங்கணும்? தெரிஞ்சே போய் விழுந்தாரே பாவி மனுஷன்."

வெள்ளைச் சட்டைக்காரன் மெல்லத் தலையாட்டினான். தெரிஞ்சே. அந்த ஒரு சொல் போதும் அவனுக்கு. ஆபத்து என்று தெரிந்தேதான் இறங்கினார், கம்பெனி பொறுப்பல்ல என்று எழுதிவிடுவான். அந்தச் சொல்லை அவனுக்கு எடுத்துக்கொடுத்தது அவளுடைய கேள்விதான். அவன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் அதிகமாக இருந்தது.

"அம்மா, போதும். அப்பாவைத் திட்டாத."

"என்னது?"

"திட்டாம அழு."

அம்மாவின் தம்பி சுவரோரமிருந்து எழுந்து வந்தார். "என்னடி பேசுற? அவ புருஷன், அவ திட்டுறா. நீ யாரு அதக் கேக்க?"

"கேட்டுட்டுப் போய் எழுதுறதுக்கு ஆள் வந்திருக்கு மாமா." அவள் வெள்ளைச் சட்டைக்காரன் பக்கம் திரும்பினாள். "எந்திரிங்க. நானும் இந்த வேலைதான் பாக்குறேன். எங்கப்பாவ இன்னும் எடுக்கக்கூட இல்ல, அதுக்குள்ள எங்கம்மா வாயப் புடுங்க வந்துட்டீங்க."

"ஆறுதல் சொல்லத்தான்மா வந்தேன்."

"எந்திரிங்கன்னு சொன்னேன்."

இருவரும் போனார்கள். ஆனால் அவன் வண்டிக்குப் போகவில்லை. தெருவில் நின்ற எதிர்வீட்டுக்காரரிடம் பேச்சுக்கொடுத்தான். எதிர்வீட்டுக்காரர் அப்பாவுக்கு உயிர்ச் சிநேகிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டே, அப்பா எப்படி விறுவிறுவென்று போவார் என்று அவனுக்கு நடந்து காட்டிக்கொண்டிருந்தார்.

மகள் கதவைச் சாத்தினாள்.

"போயிட்டாங்கம்மா. இப்ப அழு."

அம்மா கதவைப் பார்த்தாள். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அப்பாவின் காதோடு வாயை வைத்து, யாருக்கும் கேட்காதபடி அவரைத் திட்ட ஆரம்பித்தாள்.