பதினைந்தாம் நாளின் கையெழுத்து

அண்ணன் இறந்த மூன்றாம் மாதம், அவருடைய பதக்கம் கேட்டு அண்ணி எழுதியதற்கு ரிசர்வ் படை அலுவலகத்திலிருந்து பதில் கடிதம் வந்தது. தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள், ஆண்டுக்குப் பதினைந்து நாள் முகாம் முடித்தவருக்கே சேவைப் பதக்கம். அண்ணனுக்கு ஏழாம் ஆண்டில் பதினான்கு நாள்தான் பதிவாகியிருந்தது. தொடர்ச்சி அறுந்துவிட்டதால் தகுதி இல்லை.

"டிப்போவுல டயர் மாத்துற வேலைக்குக்கூட மட்டம் போடுவார், கேம்ப்புக்குப் போட மாட்டார் மனுஷன்," என்றாள் அண்ணி. "அப்பா ஏமாத்திட்டாரான்னு பொண்ணு கேட்கிறா. நீங்களும் கூடத்தானே இருந்தீங்க, தம்பி? சாட்சி எழுதிக் குடுத்தா மறுபடி பார்ப்பாங்களாம்."

அன்று நான் அங்கே இல்லை. அந்த ஏழாம் ஆண்டு முகாமின் கடைசி நாள், பந்தாட்டம் பார்க்க நழுவியிருந்தேன்.

"போய்த் தொலை. ஒன்பதுக்குள்ள வந்துடு," என்று அண்ணன்தான் அனுப்பிவைத்தார். மாலையில் வருகைத்தாள் வந்தபோது முதலில் என் கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குள் ஜீப்பில் டயர் பஞ்சராம், கூப்பிட்டார்கள். தாளைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டு ஓடினார். அவருடைய கட்டம் காலியாகவே போனது.

முறையிட்டால் தாளை எடுப்பார்கள், என் கட்டத்துக் கையெழுத்தையும் பார்ப்பார்கள் என்று அண்ணன் வாயே திறக்கவில்லை. "ஒரு நாள்தானேடா, விடு," என்றார். ஐந்தாண்டுகள் கழித்து எனக்குப் பதக்கம் குத்தினார்கள். முதலில் கைதட்டியது அவர்தான். ஒரு நாள் குறைந்தாலும் பதக்கம் இல்லை என்ற விதி அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

இதையெல்லாம் அண்ணியிடம் சொன்னேன். அவள் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி நிதானமாகப் படித்தாள். பொய்யாக வருகை பதிந்தவருக்கும் பதக்கம் கிடையாது என்று அங்கே இருந்தது.

"வேற யாராவது சாட்சி சொன்னா?"

"யார் சொன்னாலும் அந்தத் தாளை எடுப்பாங்க, அண்ணி. என் மெடல் போனா போகட்டும். அண்ணன் கையால போட்டதுன்னு பார்த்தாலே தெரிஞ்சிடும்."

"அப்போ அவர் பேரும் கெடும்."

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"எதுவும் எழுத வேண்டாம். மெடல் இல்லாம இருந்துட்டுப் போகட்டும். ஆனா பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க, தம்பி. இப்ப சொன்ன மாதிரி, ஒண்ணு விடாம."

மகளைக் கூப்பிட உள்ளே போனாள். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.