ஒன்பது பேர் வந்திருந்தார்கள்

1

இந்தக் கதை என் வீம்பில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம், ஏலப்பாறையில் மழை விடாமல்...' வேண்டாம். மழையில் தொடங்காத எஸ்டேட் கதையே கிடையாது.

இரண்டாவது: 'எஸ்டேட் கம்பவுண்டர் எப்ராயிம் ஒரு யூதர். மலையாளத்துச் சேந்தமங்கலத்துக்காரர்.' இது பரவாயில்லை. என் பெயர் சென்னிமலை, அதே எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க், கொல்லங்கோட்டுக்காரன். இருவருக்கும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ்.

2

எப்ராயிம் எதற்கும் கடவுளுக்கு நன்றி சொல்லுவார். தூங்கி எழுந்தால் ஒன்று, ரொட்டியைப் பிட்டால் ஒன்று, இடி இடித்தால், வானவில் தெரிந்தால் ஒன்று. கக்கூசிலிருந்து வெளியே வந்தால்கூட உண்டு. நான் கிண்டல் செய்தேன்.

"அடைஞ்சு போனா அப்போ அறியும், சென்னிமலை" என்றார்.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: அந்த இனத்தின் பெயருக்குள்ளேயே நன்றி என்ற பொருள் இருப்பதாகப் பிற்பாடு படித்தேன். எங்கள் பக்கம் நன்றி என்ற சொல்லை மேடையில்தான் கேட்கலாம். வீட்டுக்குள் சொன்னால், என்ன கோபமோ என்று பயந்துவிடுவார்கள்.)

தன் பங்கில் நிறைவு காண்பவனே பணக்காரன் என்பது அவர்கள் பாடம். கஞ்சியில் உப்பு இல்லாவிட்டாலும் 'மதி' என்பார். மலையாளத்தில் 'போதும்'.

3

அந்த ஆடியில் மண் சரிந்தது. டிஸ்பென்சரியின் பின்சுவரோடு அவரும் புதைந்தார். கடப்பாரை வரும்வரை காத்திராமல் கையாலேயே தோண்டி, கக்கத்தில் கைகொடுத்து இழுத்தவன் நான். இரண்டு நகம் போயிற்று. கண் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்து எபிரேயத்தில் ஏதோ முணுமுணுத்தார்.

இழுத்தது நான், நன்றி மேலே இருப்பவனுக்கா? (இந்த இடத்தில் என்னைக் கொஞ்சம் பெருந்தன்மையானவனாக எழுதிப் பார்த்தேன். பொய் பல்லை இளித்தது.)

மூன்று வாரம் கழித்து என் வாசலில் வந்து நின்றார்.

"சாவில்நின்னு தப்பினவன் பத்துப் பேர் முன்னால நின்னு நன்றி சொல்லணும். அது ஞங்கட முறை. எங்க ஊர் ஜெபப்பள்ளியில இப்போ ஆறு ஆண்கள்தான். பாக்கி எல்லாம் இஸ்ரவேலுக்குப் போயாச்சு. அடுத்த மாசம் நானும். அதான் இவிடெயே பத்து ஆளை நிறுத்தலாம்னு. நீங்க யூதர் இல்ல, முறைப்படி சேராது, பரவால்ல. ஞாயித்துக்கிழமை நீ வரணும் கேட்டோ."

"பாக்கலாமுங்க" என்றேன்.

ஞாயிறு சாயங்காலம் காய்ச்சல் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பக்கத்து வீட்டில் டம்ளர் சத்தம் கேட்டது. பிரார்த்தனை கேட்கவில்லை. அவர் எஸ்டேட்டை விட்டுப் போன அன்று நான் லீவு போட்டு ஊரில் இருந்தேன். அதுவும் வீம்புதான்.

4

அந்த ஞாயிறு எப்ராயிம் வீட்டுக்குப் போனவர்களில் ஒருவன் ஃபேக்டரி பவுல்ராஜ். இரண்டு வருஷம் கழித்துத்தான், பேச்சுவாக்கில் சொன்னான்.

"ஒம்பது பேரு வந்துட்டோம் சார். டீ குடுத்தாரு, பிஸ்கோத்து குடுத்தாரு. இருட்டுற மட்டும் ஒங்க கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. டிரைவரக் கூட்டியாரட்டா, பத்து ஆயிரும்லான்னேன். 'என்னை மண்ணிலேர்ந்து வலிச்செடுத்தவன் வரணும், அவன் பேரு சொல்லித்தான் தொடங்கணும்'னாரு. எப்பவும் மதி மதிம்பாருல்லா? அன்னைக்கு மட்டும் பத்தாதுன்னுட்டாரு."

 

5

கதைக்கு முடிவு வேண்டும். 'நான் போனேன்' என்று ஒன்று எழுதினேன். கை கூசியது, அடித்துவிட்டேன். 'கடிதம் எழுதினேன்' என்று இன்னொன்று. முகவரி ஆபீசிலேயே இருந்தது, நான்தான் எழுதவில்லை. மூன்றாவது: 'ஒன்பது பேர் முன்னாலேயே எப்ராயிம் எழுந்து நின்று...' இதுதான் அவர் சுபாவத்துக்கு ஒத்துவரும். உப்பில்லாக் கஞ்சியிலும் குறை காணாத மனிதர். அவருக்கும் ஒரு குறை வைத்தவன் நான் என்று தெரிந்த பிறகு, அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், அவரை நிறைவாகச் சொல்லவையுங்கள். என் பெயரை மட்டும் அங்கே போடாதீர்கள். நான் போகவில்லை.