தேவதாஸின் சிவப்புக் கித்தார்

நான் ஒரு சந்தேகப் பிராணியாம். என் தங்கச்சி சந்திரமதி சொல்லுவா. சொல்லிட்டுப் போறா! அப்பா அம்மா இல்லாத பொண்ணைக் கட்டிக் குடுக்கிறவன் சந்தேகப்படாம வேற என்ன செய்வான்?

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைச்சு நாலு வருஷம் இருக்கும். எங்க மலாக்காவுல, கிளேபாங் பக்கம் தேவதாஸ்னு ஒரு பையனை அவளுக்குப் பேசி முடிச்சிருந்தேன். ரப்பர் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி வேலை, சாயங்காலம் பேண்டுல கித்தார். நல்ல பையன்தான். ஆனா புக்கிட் காதில்ல ஒரு கல்யாணத்துல அவன் கையில எலெக்ட்ரிக் கித்தாரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. செக்கச்செவேல்னு பெயிண்டு, பளபளன்னு தகடு. அவன் சம்பளத்துக்கு அதோட பெட்டியைக்கூட வாங்க முடியாது.

"எங்க வாங்கினீங்க மாப்ளே?"

"கிடைச்சது அண்ணே"ன்னு தலையைக் குனிஞ்சு சிரிச்சான்.

கிடைக்கிறதுக்கு அது என்ன ரோட்டோரத்து மாங்காயா? மறுநாளே டவுன்ல வயலின், கித்தார் விக்கிற சீனர் கடைக்குப் போய் விசாரிச்சேன். இப்படி ஒண்ணைத் தான் வித்ததே இல்லைன்னுட்டார். அடுத்து உஜோங் பாசிர்ல இருக்கிற மருதமுத்துவைப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க முகாம்ல சமையல் வேலை அவனுக்கு. "போன மாசம் அங்க ஒரு கித்தார் காணாமப் போச்சு லா"ன்னு காதைக் கடிச்சான்.

அவ்வளவுதான், எனக்குச் சோறு இறங்கலை. திருட்டுப் பயலுக்கா என் தங்கச்சி? நேரா போலீஸ் ஸ்டேசனுக்குப் போய் சார்ஜன்கிட்டச் சொல்லிட்டேன். வீட்டுல மூச்சு விடலை.

மத்தியானம் தேவதாஸையும் கித்தாரையும் கொண்டாந்துட்டாங்க. அதைப் பிரிச்சு நம்பர் பார்க்க என்னையே கூப்பிட்டாங்க. காஜா பெராங்ல ரேடியோ ரிப்பேர்னா கணேசமூர்த்தி, அதாவது நான்தான். கருகின காயிலை, அதான் உள்ளே இருக்கிற செப்புக் கம்பிச் சுருளை, கையாலேயே புதுசா சுத்திக் குடுக்கிற ஆள்னு மலாக்கா பூரா பேரு. தேவதாஸ் பெஞ்சில உட்கார்ந்திருந்தான். கித்தார் எங்கேருந்து வந்துச்சுன்னு எத்தனை தடவை கேட்டாலும் வாயைத் திறக்கலை. மாட்டினியாடான்னு கறுவிக்கிட்டே ஸ்க்ரூவைக் கழட்டினேன்.

உள்ளே நம்பரும் இல்லை, கம்பெனிப் பேரும் இல்லை. உளி செதுக்கின தடம் அப்படியே இருந்துச்சு. கம்பிகளுக்கு அடியில காந்தத்தைச் சுத்தி ஒரு செப்புக் காயில். தடவிப் பார்த்தேன். நுனியை நூலால கட்டியிருந்த முடிச்சு விரல்ல தட்டுப்பட்டுச்சு. பூக்கட்டுற முடிச்சு.

அடக் கடவுளே! காயிலுக்குப் பூ முடிச்சுப் போடுறவ உலகத்துலேயே ஒருத்திதான். "இது என்ன மல்லிகைச் சரமாடி?"ன்னு எத்தனை தரம் திட்டியிருப்பேன்.

நிமிர்ந்தேன். சொல்லிடாதீங்கன்னு தேவதாஸ் கண்ணாலேயே கெஞ்சினான். கல்யாணத்துக்கு முன்னாடியே சந்திச்சுப் பேசிக்கிட்டது தெரிஞ்சா நான் தாம்தூம்னு குதிப்பேன்னு ரெண்டும் பயந்திருக்கு.

"யார் வேலை இது?"ன்னார் சார்ஜன்.

"திருட்டுச் சாமான் இல்லை சார். மரத்தைச் செதுக்கினது இவரு. காயில் சுத்தினது என் தங்கச்சி."

"தங்கச்சியா? காயில்னா நீங்கதான்னு ஊரே சொல்லுதே?"

நானே சுத்தினேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா என் பேரும் தப்பிச்சிருக்கும். ஆனா அவளைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்னு இந்தப் பையன் ஜெயிலுக்கே துணிஞ்சு உட்கார்ந்திருக்கான். அவன் முன்னாடி எப்படிச் சொல்றது?

"என் கடையில எல்லாக் காயிலும் அவதான் சார் சுத்துறா."

வெட்கத்துல எனக்குக் காது சுட்டுது. அவங்க தேவதாஸை விட்டுட்டாங்க.

வீட்டுக்கு வந்தா, சந்திரமதிக்கு அதுக்குள்ள விஷயம் எட்டியிருந்துச்சு. அழலை. "கடைக்காரர்கிட்டக் கேட்டே, சமையல்காரர்கிட்டக் கேட்டே, போலீஸ் வரைக்கும் போனே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா அண்ணே?"

"தப்புதான்மா. மன்னிச்சுடு."

"கல்யாணம் குறிச்ச நாள்ல நடக்கும். ஆனா நாளைலேருந்து உன் காயிலை நீயே சுத்திக்கோ."

உள்ளே போயிட்டா. மேசை மேல மூணு ரேடியோ பிரிச்சபடி கிடந்துச்சு. வெள்ளிக்கிழமைக்குத் தர்றேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். செப்புக் கம்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன். தலைமுடி மாதிரி மெல்லிசான அந்தக் கம்பி என் கண்ணுக்குத் தெரியாமப் போயி எட்டு வருஷம் ஆச்சு.