விசிலுக்குப் புது விலை

அக்டோபர் 14, புதன்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. வெள்ளம் வந்த அன்றுதான் அத்தை டார்ச் விலையை ஏற்றினாள் என்று எழுதியிருந்தேன். அன்று இல்லை, அதற்கு இரண்டு நாள் முன்பு. மதியம் அத்தையின் கடையில் மிஞ்சிய டார்ச்சின் விலைச்சீட்டைப் பார்த்தேன். எங்கள் மெஷின் விலைக்குக் கீழே தேதியும் அடிக்கும். ஒட்டியதே நான்தான். அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

மாலை சட்ட வகுப்பில் பேரிடர் கால விலைச் சட்டம் பற்றி விவாதம். அரசு பேரிடர் அறிவித்த பிறகு ஏற்றினால்தான் குற்றம், முந்தின நாள் விலைதான் வரம்பு என்றார் ஆசிரியர்.

"ஏத்தலேன்னா வெளியூர்ச் சரக்கு எப்படி சார் வரும்?" என்றார் கூடப் படிக்கும் லாரி ஓட்டுநர்.

"அது வர்றதுக்குள்ள காசில்லாதவன் போய்ச் சேர்ந்துடுவான். அப்புறம் உங்க லாரியிலேயே ஏத்திட்டுப் போங்க" என்றாள் நர்ஸ்.

"அறிவிப்புக்கு முன்னாடியே ஏத்திட்டா சார்?" என்று கேட்டேன்.

"முன்னாடியே தெரிஞ்சாத்தானேம்மா ஏத்த முடியும்?" வகுப்பே சிரித்தது.

வகுப்பு முடிந்து கடைக்கு வந்ததும் முகமூடிகளின் சீட்டையும் பார்த்தேன். ஆலைப் புகை ஊருக்குள் வந்ததற்கு இரண்டு நாள் முந்தைய தேதி. தற்செயலாக இருக்கலாம். நான் எதையும் பெரிதாக்கிப் பார்ப்பவள்.

"வாங்க வக்கீலம்மா" என்றாள் அத்தை. "மேல் தட்டுல விசில் டப்பா மூணு இருக்கு. பத்தைக் கிழிச்சுட்டுத் தொண்ணூறு ஒட்டு."

"விசிலை யாரு அத்தை தொண்ணூறுக்கு வாங்குவா?"

"எனக்கென்னடி தெரியும்? காலையிலேருந்து காதுல கேக்குது. நிறைய விசில். சன்னமா, மண்ணுக்கு அடியிலேருந்து ஊதுற மாதிரி." பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "உங்க அக்கா இன்னும் அந்த விரிசல் விட்ட நாலு மாடிக் கட்டடத்துலதான் இருக்காளா?"

அக்காவும் ஒரு வயதுக் குழந்தையும் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். உடனே போன் செய்து, வீட்டை விட்டு வந்துவிடச் சொன்னேன்.

"படிச்சுப் படிச்சு உனக்கு மறை கழண்டுபோச்சு. போய்ச் சாப்பிட்டுத் தூங்குடி" என்று வைத்துவிட்டாள்.

சீட்டை நான் ஒட்டவில்லை. ஒட்டாவிட்டால் எதுவும் வராது என்று நினைப்பது அசட்டுத்தனம், தெரியும். அத்தையே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, தரையைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள்.

நாளை: காலை ஆறு மணிக்கு அக்கா வீடு. அவள் திட்டினாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும், பின்னாலேயே வந்துவிடுவாள். இறங்கும்போது எல்லா வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும்.